கண் உருவத்தை விட்டு நகராமல்

முழங்காலில் கை ஊன்றி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறாள் ஒரு பாட்டி. நான் செய்துகொண்டிருந்த கணினி அனிமேஷன் காட்சி அவ்வளவுதான். மூன்று விநாடி, விநாடிக்கு 24 பிரேம் வீதம் 72 பிரேம். அதில் 31ஆவது பிரேமில் அவள் உடல் எடை முழுவதும் வலது உள்ளங்கையில் இறங்குகிறது. மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் மடங்க வேண்டும், தோள் காதுப் பக்கமாக ஓர் இழை ஏற வேண்டும் என்று எனக்குப் பட்டது. மணிக்கட்டின் கன்ட்ரோலரை, அதாவது அதை அசைப்பதற்கான பிடியை, தேர்ந்தெடுக்கத் திரையோரத்துப் பட்டியலுக்குப் போனேன். கைக்குக் கீழே விரல்கள், விரல்களுக்குக் கீழே மூட்டுகள் என்று விரிந்து கிடந்த பெயர்களில் வேண்டியதைத் தேடிப் பிடித்துத் திரும்பி வந்து பார்த்தால், எனக்கு என்ன பட்டது என்பதே மறந்துபோயிருந்தது. பாட்டி அங்கேயேதான் இருந்தாள். அவள் எடை எங்கே இறங்குகிறது என்பது மட்டும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அனிமேஷன் செய்கிறவர்களுக்கு இது அன்றாடம் நேர்வது. ஒரு போஸைப் பார்க்கும்போது மனத்தில் எழுவது தெளிவான வாக்கியமாக இருப்பதில்லை. "இங்கே கனம் போதவில்லை" என்ற அளவில் ஓர் உறுத்தல், அவ்வளவே. கண் உருவத்தின் மீது இருக்கும்வரைதான் அந்த உறுத்தலுக்கு உயிர். கண்ணைப் பெயர்த்தால் போயிற்று. குறுக்குவிசை, அதாவது ஷார்ட்கட், என்றாலே நேரம் மிச்சமாகும் என்றுதான் பொதுவாகப் பேசுகிறார்கள். மிச்சமாவது உண்மைதான். ஆனால் நான் நான்கு வருடங்களாக விசைகளையும் குமிழ்களையும் கட்டிக் கலைத்துக் கட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் வேறு. கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். கண் உருவத்தை விட்டு அகலவே கூடாது. இந்த ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

தொடங்கும்போது ஒரு காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒரு நாள் முழுக்க, கண் எப்போதெல்லாம் உருவத்தை விட்டு ஓரத்துக்குப் போகிறதோ அப்போதெல்லாம் ஒரு கோடு. பக்கத்தில் போன காரணம். ஒரு பிரேமில் போஸைப் பதிந்து கீ வைப்பதற்கோ, கீகளுக்கு இடையிலான அசைவைக் காட்டும் வளைகோடுகளைத் திருத்துவதற்கோதான் அதிகம் போகிறேன் என்று நினைத்திருந்தேன். மாலையில் எண்ணிப் பார்த்தால் மிக நீளமான வரிசை வேறொன்றுக்கு: தேர்ந்தெடுத்தல். இந்த விரல், அந்த முழங்கை, எதிர்ப்பக்கத் தோள் என்று உறுப்பைத் தேடிப் பிடிப்பதற்கே கண் ஓடிக்கொண்டிருந்தது.

யோசித்தால் இதில் வியப்பில்லை. இலக்கு எவ்வளவு சிறியதோ, எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அதை எட்டுவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பால் ஃபிட்ஸ் 1954இலேயே அளந்து காட்டியிருக்கிறார். சுண்டுவிரல் நுனியின் கன்ட்ரோலர் திரையில் ஒரு பொட்டளவு. அதை டிஜிட்டல் பேனாவால் தொட வேண்டுமென்றால் கேமராவை நெருக்க வேண்டும். நெருக்கினால் முழு உடல் கண்ணில் இருந்து போய்விடும்.

பிளெண்டர், மாயா போன்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள்கள் தரும் விசைகள் மோசமானவை என்று சொல்ல மாட்டேன். பிளெண்டரில் நகர்த்த 'ஜி', சுழற்ற 'ஆர்', அளவு மாற்ற 'எஸ்'. மாயாவில் அதே மூன்றுக்கும் அடுத்தடுத்து இருக்கும் 'டபிள்யூ', 'ஈ', 'ஆர்'. கீ வைக்க 'எஸ்'. சுழற்சிக்கு மட்டும் கீ வைக்க ஷிஃப்ட்டும் 'ஈ'யும். இவையெல்லாம் நன்றாகச் சிந்தித்து வைக்கப்பட்டவை. என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவற்றில் விசை உண்டு. எதைச் செய்ய வேண்டும் என்பதற்கு இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் ஒரு ரிக்கில், அதாவது உருவத்தை அசைக்கும் எலும்புக்கூட்டு அமைப்பில், மணிக்கட்டுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது அந்த மென்பொருளை எழுதியவர்களுக்குத் தெரியாது. அந்த இடைவெளியை நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

என் முதல் முயற்சி வீணானது. கிடைத்த விசைக்கெல்லாம் ஒரு வேலை கொடுத்தேன். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்து எதுவோ அதுதான் விசை. எழுத்தை நினைவு வைப்பது சுலபம் என்று எண்ணினேன். ஆனால் எழுத்துகள் விசைப்பலகை முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. மணிக்கட்டு ஒரு மூலையில், தலை இன்னொரு மூலையில். முன்பு திரையோரத்துக்குப் போன கண் இப்போது விசைப்பலகைக்குப் போயிற்று. மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் அழித்தேன்.

இரண்டாவது முறை எழுத்தை மறந்துவிட்டு உடம்பை நினைத்தேன். ஒரு சின்ன விசைத்திட்டு: மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு விசை. மேல் வரிசை நடு உடம்பு: இடுப்பு, மார்பு, கழுத்து, தலை. நடு வரிசை கை: தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள். கீழ் வரிசை கால்: தொடை, முழங்கால், பாதம், கால்விரல். இடமிருந்து வலமாகப் போகப் போக உடலின் மையத்திலிருந்து நுனிக்குப் போகிறோம். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு தனி விசை. மொத்தம் 13. இதைப் பழகுவதற்கு எனக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை, ஏனென்றால் மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. நம் உடம்பே வரைபடம்.

உறுப்புகளுக்கான 12 விசைகளையும் எஃப்13 முதல் எஃப்24 வரையாக அனுப்பவைத்தேன். சாதாரண விசைப்பலகையில் எஃப்12உடன் வரிசை முடிந்துவிடுகிறது. ஆனால் யுஎஸ்பி விசைப்பலகைக்கான தரநிர்ணயத்தில் எஃப்24 வரை இடம் உண்டு. கணினியும் அவற்றை ஏற்றுக்கொள்ளும். யாரும் பயன்படுத்தாத விசைகள் என்பதால் ஏற்கெனவே இருக்கும் எந்தக் குறுக்குவிசையோடும் மோதுவதில்லை. பிளெண்டரில் இவற்றை நேரடியாக ஒதுக்கிக்கொள்ளலாம், முழு விசையமைப்பையும் ஒரு கோப்பாக வெளியே எடுத்து வைத்துக்கொள்ளவும் முடியும். மாயாவில் முதலில் இயல்பமைப்புத் தொகுதியை நகலெடுத்து, அந்த நகலில்தான் மாற்ற முடியும். அது எரிச்சலாகத் தோன்றலாம், ஆனால் நல்ல ஏற்பாடு. எதையாவது குழப்பிக்கொண்டால் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது.

கட்டைவிரல் விசைக்கு வருகிறேன். அதில்தான் எனக்கு நீண்ட குழப்பம் இருந்தது. உருவத்துக்கு இரண்டு கை, விசை ஒன்று. இடது எது, வலது எது? உருவம் என்னைப் பார்த்து நிற்கும்போது அதன் இடக்கை திரையின் வலப்பக்கம் இருக்கிறது. முதுகைக் காட்டினால் மாறிவிடுகிறது. திரையில் தெரிகிற பக்கத்தைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கும்படி ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சிறு நிரல், எழுதினேன். கேமரா பக்கவாட்டுக்கு வந்தபோது, இரண்டு மணிக்கட்டும் ஒரே இடத்தில் தெரிய, அது தடுமாறியது. கடைசியில் இடது, வலது என்ற கேள்வியையே கைவிட்டேன். முழங்கை விசையை அழுத்தினால் கடைசியாக எந்தப் பக்கத்தில் வேலை செய்தேனோ அந்தப் பக்கம். கட்டைவிரலையும் சேர்த்து அழுத்தினால் மற்றப் பக்கம். போஸ் வைக்கும்போது மனத்தில் ஓடுவதும் "அந்தக் கை", "இன்னொரு கை" என்றுதானே.

ஒரு விசைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று மணிக்கட்டை வைத்துக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் "மணிக்கட்டைத் தேர்ந்தெடு" என்று ஒரே வரி. பாட்டி முழங்காலில் கை ஊன்றும்போது உள்ளங்கை வழுக்கக் கூடாது. அதனால் அவளுடைய வலக்கை ஐகே முறையில் முழங்காலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கை நுனி நிலைத்து நிற்க, முழங்கையும் தோளும் அதற்கேற்ப மடங்குகின்றன. இடக்கை காற்றில் அசைவதால் அது எஃப்கே. தோளிலிருந்து ஒவ்வொரு மூட்டாகச் சுழற்ற வேண்டும். இரண்டு முறைக்கும் மணிக்கட்டின் கன்ட்ரோலர் வெவ்வேறு. எனவே ஸ்கிரிப்ட் முதலில் அந்தக் கை இப்போது எந்த முறையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், பிறகு அதற்குரியதைப் பிடிக்க வேண்டும். ஐகேயில் முழங்கை விசையை அழுத்தினால், முழங்கை எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று காட்டும் குறி தேர்வாக வேண்டும். இதைச் செய்யாதவரை, வேலை செய்யாத கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு ஏன் கை அசையவில்லை என்று விழிப்பேன்.

அடுத்த சிக்கல், ஒரே காட்சியில் அதே ரிக் இரண்டு முறை வரும்போது. மாயாவில் ஒவ்வொரு பிரதிக்கும் பெயருக்கு முன்னால் ஒரு முன்னொட்டு சேரும். முன்னொட்டை ஸ்கிரிப்டில் எழுதிவைத்தால் அடுத்த காட்சியிலேயே அது உதவாது. தீர்வு எளியது: தற்போது தேர்வில் எது இருக்கிறதோ அதன் பெயரில் முக்காற்புள்ளிக்கு முன்னால் உள்ளதை எடுத்துக்கொண்டு மணிக்கட்டின் பெயரோடு ஒட்டிவிட வேண்டும். ஒருமுறை பாட்டியின் ஏதோ ஓர் உறுப்பைத் தொட்டுவிட்டால் அதன்பிறகு எல்லா விசைகளும் பாட்டிக்கே. பேரனைத் தொட்டால் பேரனுக்கு.

அரிதாகத் தேவைப்படுபவற்றுக்கு நான் விசை தரவில்லை. ஐகேயிலிருந்து எஃப்கேக்குப் போஸ் மாறாமல் தாவுவது, பிணைப்பை முழங்காலிலிருந்து எடுத்துக் காட்சியின் அசையாத வெளிக்கு மாற்றுவது போன்றவை. அவற்றுக்கு மாயாவின் மார்க்கிங் மெனுவை வைத்துக்கொண்டேன். விசையை அழுத்திக்கொண்டு பேனாவை எட்டுத் திசைகளில் ஒன்றில் இழுத்தால் அந்தக் கட்டளை. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கார்டன் கர்ட்டன்பாக் 1993இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இந்த மெனுக்களைப் பற்றியது. அதன் அடிப்படை எண்ணம் எனக்கு மிகவும் பிடிக்கும். புதியவர் மெனு விரியும்வரை காத்திருந்து பார்த்து இழுக்கிறார். பழகியவர் மெனு தெரிவதற்குள் இழுத்துவிடுகிறார். இருவர் கையும் செய்வது ஒரே அசைவு. அதனால் ஒவ்வொரு முறை மெல்லப் பார்த்துச் செய்வதும், பார்க்காமல் செய்வதற்கான பயிற்சியாகிவிடுகிறது.

விரல்களுக்கு விசை மட்டும் போதாது. ஒரு கையில் 5 விரல், விரலுக்கு 3 எலும்பு என்று ரிக்கில் 15 எலும்பு. ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தால் போஸ் செத்துவிடும். நான் வைத்துக்கொண்டது மூன்றே எண்கள்: மடக்கம், விரிப்பு, அலை. முதல் இரண்டும் பெயரிலேயே விளங்கும். மூன்றாவதுதான் உயிர். தளர்ந்த கையைக் கவனித்துப் பாருங்கள். சுண்டுவிரல் அதிகமாக மடங்கியிருக்கும், ஆள்காட்டி விரல் குறைவாக. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் அலை என்று அழைக்கிறேன். அதன் மதிப்பைத் திருப்பினால் ஆள்காட்டி விரல் முதலில் மடங்கும். கை எதையோ பற்றப்போகிறது என்று தோன்றும். பிளெண்டரில் இதை, ஒரு மதிப்பால் பல மதிப்புகளை இயக்கும் டிரைவர்களாலும், மாயாவில் அதே வேலையைச் செய்யும் செட் டிரிவன் கீ வழியாகவும் கட்டலாம். கோணங்களைக் கணக்குப் போட்டு வைக்க வேண்டாம். நன்றாக வந்த நான்கைந்து கை போஸ்களை முதலில் கையாலேயே வைத்து, அவற்றிலிருந்து மதிப்புகளை எடுங்கள்.

இனி குமிழுக்கு வருகிறேன். எனக்குக் குமிழ் வேண்டியிருந்தது எதற்கென்றால், இரண்டு போஸ்களுக்கு நடுவே மூன்றாவதை வைப்பதற்கு. கணக்கு சின்னதுதான். முந்தைய கீயில் முழங்கை 20 டிகிரி, அடுத்த கீயில் 80 டிகிரி. 30 விழுக்காட்டில் நிறுத்தினால் 38. விழுக்காட்டை 100க்கு மேலேயும் போகவிட வேண்டும்: 115 என்றால் 89 டிகிரி, அதாவது கை இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்புகிறது. பூச்சியத்துக்குக் கீழேயும் விட வேண்டும்: கழித்தல் 10 என்றால் 14 டிகிரி, அதாவது போகும் முன்பு எதிர்ப்பக்கம் கொஞ்சம் வாங்குகிறது. அசைவுக்கு முந்தைய அந்தச் சிறு பின்வாங்கலும், அசைவின் முடிவில் வரும் மிகையும் இதே சூத்திரத்திலிருந்து கிடைத்துவிடுகின்றன.

பிளெண்டரில் இதற்கு பிரேக்டவுனர் என்ற கருவி ஏற்கெனவே இருக்கிறது, நல்ல கருவி. ஆனால் முழு உடம்பையும் ஒரே விழுக்காட்டில் கலந்தால் வருவது இயந்திரத்தனமான நடுநிலை. மனித உடம்பு அப்படி நகர்வதில்லை. பாட்டி எழும்போது இடுப்பு முன்னே போகிறது, மார்பு பின்தொடர்கிறது, தலை இன்னும் கீழேயே இருந்து கடைசியில் நிமிர்கிறது. ஒரே பிரேமில் இடுப்பு 60 விழுக்காட்டில் இருக்க, தலை 20இல் இருக்க வேண்டும். எனவே என் ஏற்பாட்டில் இடக்கை ஓர் உறுப்பின் விசையை அழுத்திப் பிடித்திருக்கும். பேனாவை விரலிடுக்கில் செருகிக்கொண்டு வலக்கை குமிழைத் திருப்பும். அழுத்தியிருக்கும் உறுப்பு மட்டும் கலக்கும். இடுப்பைப் பிடித்துத் திருப்பு, விடு, மார்பைப் பிடித்துத் திருப்பு, விடு. நான்கு திருப்பலில் ஒரு நடுப்போஸ் எழுந்து நிற்கும். இத்தனைக்கும் கண் பாட்டியை விட்டு எங்கும் போயிருக்காது.

முதலில் எழுதியபோது ஒரு விபத்து. முழங்கையில் சரியாக வேலை செய்த கணக்கு, தோளில் கையைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போயிற்று. பிளெண்டரின் எலும்புகள் சுழற்சியை இயல்பாக குவாட்டர்னியன் என்ற நான்கு எண்களில் வைத்திருக்கின்றன. நான்கையும் தனித்தனியே கலந்தால் அவற்றின் மொத்த நீளம் 1 என்று இருக்காது. அதை 1 ஆக்கினாலும் இன்னொரு பொறி இருக்கிறது: நான்கு எண்களின் குறியையும் மாற்றிப் போட்டால் கிடைப்பது அதே சுழற்சிதான், ஆனால் அதை நோக்கிப் போகும் பாதை நீண்ட பக்கமாகிவிடும். இரண்டு சுழற்சிகளின் எண்களையும் இணை இணையாகப் பெருக்கிக் கூட்டிப் பார்த்து, விடை எதிர்மறையாக இருந்தால் ஒன்றின் குறியை மாற்றிவிட வேண்டும். அதன்பிறகு கோளப் பரப்பின் மீது நடப்பதுபோல் கலக்க வேண்டும். கென் ஷூமேக் 1985இல் அனிமேஷனுக்கென்றே எழுதிக்காட்டிய முறை அது. குறியை மாற்றுவதற்கு வேண்டியது ஒரே ஓர் 'இஃப்' வரி. அதைச் சேர்த்ததும் தோள் நேர்வழியில் வந்தது.

முதல் குமிழ்கள் இசைக்காரர்கள் பயன்படுத்தும் மிடி பெட்டியில் இருந்தவை. மலிவாகக் கிடைக்கும், பல ஸ்லைடர்கள் இருக்கும், எந்தக் கணினியிலும் ஓடும். ஆனால் இசைக் கருவிகளை இணைப்பதற்காக 1983இல் வந்த அந்த மிடி ஏற்பாட்டில் ஒரு ஸ்லைடரின் சாதாரணச் செய்தி 0 முதல் 127 வரைதான். முழங்கையின் 140 டிகிரியை அதில் பரப்பினால் ஒரு படி ஒரு டிகிரிக்கும் அதிகம். முழங்கைக்கு அது பரவாயில்லை. கண்மணிக்குப் போதாது. நெருக்கமான முகக் காட்சியில் கருவிழி ஒரு டிகிரி நகர்ந்தாலே பார்வை எதிரில் இருப்பவரின் கண்ணை விட்டு விலகிவிடுகிறது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. 31ஆவது பிரேமில் ஸ்லைடரை மேலே ஏற்றி வைத்துவிட்டு 45க்குப் போகிறேன். அங்கே முழங்கையின் மதிப்பு வேறு. ஸ்லைடரோ மேலேயே நிற்கிறது. தொட்டவுடன் கை வெட்டி இழுத்துக்கொண்டு ஸ்லைடரின் இடத்துக்குத் தாவுகிறது. நான் பார்த்துக்கொண்டிருந்த போஸ் உடைகிறது. மோட்டார் வைத்த ஸ்லைடர்கள் தாமாக நகர்ந்து சரியான இடத்தில் நிற்கும், ஆனால் சத்தமும் செலவும் அதிகம். ஸ்லைடர் உண்மையான மதிப்பைக் கடக்கும்வரை எதுவும் நகராமல் காத்திருக்கவைக்கலாம்; அப்போது அது எங்கே பிடிக்கும் என்று தேடுவதற்குக் கண் கீழே போகிறது.

இந்தச் சிக்கலைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் ஜுராசிக் பார்க்குக்காகச் செய்த கருவி நினைவுக்கு வரும். 1993இல் வெளியான அந்தப் படத்துக்காக, ஃபில் டிப்பெட்டின் குழுவினர் டைனோசர் வடிவில் ஓர் உலோக எலும்புக்கூடு செய்தார்கள். மூட்டுகளில் உணரிகள். பொம்மையைக் கையால் பிரேம் பிரேமாக நகர்த்திப் பழகிய கலைஞர்கள் அதை அதேபோல் வளைக்க, கோணங்கள் கணினிக்குள் இருக்கும் டைனோசருக்குப் போயின. கைகளில் இருந்த பல வருட ஞானம் வீணாகாமல் இன்னொரு ஊடகத்துக்குக் கடந்து போனதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி வரும். முழுப் போஸையும் இரண்டு கையாலும் ஒருசேர உணர்வதற்கு நிகரான குமிழ் எதுவும் இல்லை. நானும் சின்னதாக ஒரு கை மட்டும் அப்படிச் செய்து பார்க்க ஆசைப்பட்டேன். ஆனால் உணரி மட்டும் உள்ள எலும்புக்கூடு தானாக நகராது. திரையில் 31இலிருந்து 45க்குத் தாவினால் மேசையில் இருப்பது 31இன் போஸிலேயே நிற்கும். வரிசையாக முன்னோக்கி மட்டும் போகிறவர்களுக்கு அது தடையில்லை. முன்னும் பின்னும் ஓடி ஓடித் திருத்துகிற என் வேலைமுறைக்கு ஒத்துவராது.

முடிவில் பிடித்துக்கொண்டது முடிவில்லாமல் சுழலும் என்கோடர் குமிழ். அதற்குத் தன் இடம் தெரியாது; ஒரு சொடுக்கு முன்னே, ஒரு சொடுக்கு பின்னே, அவ்வளவே சொல்லும். எந்தப் பிரேமுக்குப் போனாலும் அங்கே இருக்கும் மதிப்பிலிருந்து தொடங்குகிறது, எதுவும் தாவுவதில்லை. நான் வாங்கியதில் ஒரு சுற்றுக்கு 20 சொடுக்கு. மெதுவாகத் திருப்பினால் ஒரு சொடுக்குக்குக் கால் விழுக்காடு, வேகமாகத் திருப்பினால் இரண்டு. இந்த இரு எல்லைகளுக்கும் நடுவே வேகம் எப்படி ஏற வேண்டும் என்பதைச் சரிசெய்யத்தான் அதிக நாள் செலவிட்டேன். ஏற்றம் திடீரென்று வந்தால் கை பயந்து இறுகிவிடுகிறது. விரலுக்கும் உருவத்துக்கும் நடுவே ஒரு நம்பிக்கை வர வேண்டும்.

பெட்டியைக் கட்டியதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. யுஎஸ்பி விசைப்பலகையாகத் தன்னை அறிவித்துக்கொள்ளக்கூடிய ஏடிமெகா32யு4 சில்லு உள்ள சிறு பலகை ஒன்று போதும். 12 விசைக்கு 12 கம்பி வேண்டாம். மூன்று வரிசை, நான்கு நெடுவரிசை என்று பின்னினால் சில்லின் 7 கால்கள் போதும். ஆனால் ஒவ்வொரு விசைக்கும், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு ஒன்று வையுங்கள். வைக்காவிட்டால் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது அழுத்தாத நான்காவது ஒன்றும் அழுத்தப்பட்டதாகத் தெரியும். சில்லுக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேருக்கு க்யூஎம்கே என்ற ஆயத்தத் தொகுப்பு இருக்கிறது.

நிரல் பக்கத்தில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். குமிழின் செய்தியைத் தனி இழையில், அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னோர் ஓட்டத்தில், கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் உருவத்தைத் தொடும் கட்டளை முதன்மை இழையிலிருந்துதான் போக வேண்டும். நான் இதை மீறியதால் சேமிக்காத ஒரு பிற்பகல் வேலை போயிற்று. இப்போது கேட்கும் இழை செய்திகளை ஒரு வரிசையில் போடுகிறது. பிளெண்டரின் டைமர் அவ்வப்போது வந்து எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது, செயல்தவிர்த்தல், அதாவது அண்டூ. இதற்கு நான் மிகுந்த முக்கியத்துவம் தருவேன். குமிழை முக்கால் சுற்றுத் திருப்பினால் 15 சொடுக்கு. ஒவ்வொன்றும் தனிச் செயலாகப் பதிவானால், "வேண்டாம், பழையபடி இருக்கட்டும்" என்று நினைக்கும்போது 15 முறை பின்வாங்க வேண்டும். அப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு யாரும் துணிந்து எதையும் முயல மாட்டார்கள். முதல் சொடுக்கில் ஒரு கட்டு திறக்க வேண்டும். கை 300 மில்லி விநாடி ஓய்ந்ததும் மூட வேண்டும். அதற்குள் நடந்ததெல்லாம் ஒரே செயல். மாயாவில் இப்படித் திறந்த கட்டை மூட மறந்தால், அதன்பிறகு செய்த அனைத்தும் அதற்குள் சேர்ந்துகொண்டு ஒரே பின்வாங்கலில் மொத்தமும் போகும். எனவே நடுவில் பிழை வந்தாலும் மூடும்படி எழுத வேண்டும். தானாகக் கீ வைக்கும் வசதியையும் அதே ஓய்வுவரை தள்ளி வைத்தேன்.

பாட்டிக்குத் திரும்புகிறேன். கருவி ஓரளவு நிலைக்கு வந்த பிறகு அதே காட்சியைத் திறந்தேன். 31ஆவது பிரேம். மணிக்கட்டு விசை, குமிழில் மூன்று சொடுக்கு. தோள் விசை, ஐந்து சொடுக்கு. அதிகம், இரண்டு பின்னே. தோள் ஏறியதும் தலை அதோடு சேர்ந்து நிமிர்ந்திருப்பது உறுத்தியது. தலை விசையைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பினேன். முகவாய் மார்பை நோக்கி இறங்கியது. அப்போதுதான் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுகிறாள் என்று புரிந்தது. மூச்சைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை, நானும் யோசித்திருக்கவில்லை. மார்பு விசைக்குப் போய் 28இலிருந்து 40வரை மூச்சை நிறுத்தி, இடுப்பு நிமிர்ந்த பிறகு 52இல் வெளியே விடவைத்தேன்.

அந்தக் காட்சியைப் பார்த்த சக கலைஞர் ஒருவர் அதே பெட்டி தனக்கும் வேண்டும் என்று கேட்டார். அவர் இடக்கையால் வரைபவர். அதனால் பெட்டியைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பிக் கட்டிக்கொடுத்தேன். மையம் வலப்பக்கம், நுனி இடப்பக்கம். ஒரு வாரம் பயன்படுத்திவிட்டு வந்தார். "இடம் வலம் சரியாகத்தான் இருக்கிறது. மேலே கீழேதான் தலைகீழாக இருக்கிறது. பாதத்தை ஏன் அடியில் வைத்தீர்கள்?" என்றார். பாதம் அடியில்தானே இருக்கிறது என்றேன். "எனக்குப் போஸ் அங்கேதான் தொடங்குகிறது. பாதம் எங்கே ஊன்றுகிறது என்று தெரியாமல் நான் இடுப்பைத் தொடவே மாட்டேன். விரல் இயல்பாகப் போய் நிற்கிற வரிசையில் அது இருக்க வேண்டும்" என்றார்.

அன்று மாலையே இருவரும் உட்கார்ந்து அவர் பெட்டியை மாற்றினோம். கால் நடு வரிசைக்கு வந்தது, கை மேலே போயிற்று, தலையும் கழுத்தும் அடியில். மூன்று ஸ்கிரிப்டுகள் மட்டும் அப்படியே இருந்தன: முன்னொட்டை எடுத்துக்கொள்வது, ஐகேயா எஃப்கேயா என்று பார்ப்பது, செயல்தவிர்த்தலைக் கட்டுவது. அடுத்த காட்சியைப் பாதத்திலிருந்து தொடங்கிப் பார்க்கலாம் என்று எனக்கும் தோன்றியிருக்கிறது. ஒரு பையன் சுவர் ஏறிக் குதிக்கும் காட்சி அது. அதற்காக மட்டும் அவருடைய விசையமைப்புக் கோப்பை வாங்கி என் பெட்டியில் ஏற்றி வைத்திருக்கிறேன்.